கடலுக்குப் போனவர்களின் பாஸ்வேர்ட்

அன்றைக்கு என் அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். கட்டிலில் ஸ்கிப்பர் அண்ணை. என்னிடம் இருக்கிற ஒரே கதிரையில் குச்சவெளிக்காரர். வாசற்படியில், செருப்பைக் கழற்றாமல், ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தபடி மூதூர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். மூன்று பேரும் ஒரே பலநாள் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள், ஸ்கிப்பர் அண்ணைதான் அதை ஓட்டுகிறவர். அலுமாரியில் சாய்ந்துகொண்டு நான். வீட்டுக்கார அக்கா வெளியே கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவ. அவவைச் சேர்ப்பதா விடுவதா தெரியவில்லை. தனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று பிறகு தானாகவே வந்து சொன்னா, அதனால் எல்லாம் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவவோடு ஐந்து பேர்.

ஆறாவது ஆள் கட்டாரில் இருந்தார். நானாவின் மனைவியின் தம்பி. அவரை நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை. ஆனால் ஏழு மாதமாக, படகு கடலில் நிற்கிற பின்னேரங்களில் தவறாமல் அவர் என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார். நான்தான் வாசிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு எதற்கும் பயம். நாளுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் அதற்கே போய்விடும். அறையைப் பூட்டிவிட்டுச் சந்திவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். காஸை மூடினேனா என்று வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்கார அக்காவுக்குக் கோல் எடுத்துக் கேட்பேன். "தம்பி, நீங்கள் காலமை அடுப்பே மூட்டேல்லையே" என்பா. அப்படியும் மனம் ஆறாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டனான். அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. சோதனை என்றால் பயம். ஒரு தவணைச் சோதனைக்குப் போகாமல் கடற்கரையில் இருந்தேன். அடுத்த நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் அடுத்த நாளும் போகவில்லை. அவ்வளவுதான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பக்டரியில், படகுகளுக்கு ஏறும் கட்டிகளை எண்ணுகிற வேலை. பதினாறு வருசமாக அதைத்தான் செய்கிறேன். அன்புவழிபுரத்தில் வாடகைக்கு ஒற்றை அறை. கலியாணம் செய்யவில்லை. கேட்டு வந்த இரண்டு இடத்துக்கும் நான் பதில் யோசித்துக்கொண்டே இருந்ததில் அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் மூன்று பேரும் எனக்குப் பழக்கமானது ஐஸ் ஏற்றிய ஒரு நாளில்தான். கட்டியை அரைத்துப் படகுக்குள் இறக்கும்வரை பக்டரி நிழலில் குந்தியிருந்து போனில் விளையாடுவார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு தீவில் பரசூட்டில் குதித்து, துவக்குப் பொறுக்கி, மற்ற ஆட்களைச் சுடுகிற விளையாட்டு. கடைசிவரை உயிரோடு இருக்கிற கூட்டம் வென்றது.

"தம்பி, ஒரு ஆள் காணாது. வாறியா?" என்று குச்சவெளிக்காரர்தான் கேட்டார்.

"எனக்குச் சுடத் தெரியாது அண்ணை."

"சுட வேண்டாம். சும்மா நில்லு."

நான் நிற்கவும் இல்லை. ஒரு வீட்டின் குளியலறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். அவர்கள் மூவரும் செத்த பிறகும் நான் படுத்தே இருந்தேன். மற்றக் கூட்டங்கள் தங்களுக்குள் அடிபட்டுக் குறைந்து குறைந்து, கடைசியில் நின்ற ஒருத்தன், சுருங்கிக்கொண்டே வருகிற ஆபத்தில்லாத வட்டத்துக்கு வெளியே மாட்டிச் செத்துப்போனான். திரையில் வெற்றி என்று வந்தது.

ஸ்கிப்பர் அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார். "எட, பயந்தாங்கொள்ளியை வைச்சே வெண்டிட்டமே! இவனை விடாதேங்கோ."

அன்று தொடங்கியது. படகு கரையில் நிற்கிற நாட்களில் என் அறைக்கு வருவார்கள். என்னுடைய அறையில் சார்ஜ் போட மூன்று பிளக் இருந்தது, சத்தம் போட்டால் கேட்கக் குடும்பம் இல்லை, அதனால்தான். எனக்குக் காரணம் முக்கியமில்லை. பால் விடாத பிளேன்ரீக்கு நாலு கோப்பை கழுவுவதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாளும் உள்ளே போனால் ஒரு பரிசு. நாள் தொடரத் தொடரப் பரிசு பெரிதாகும். ஒரு நாள் தவறினால் பூச்சியத்துக்கு வந்துவிடும். படகு வெளிக்கிட்டால் வர இருபத்தைந்து முப்பது நாள். கரை மறைந்து கொஞ்சத் தூரத்தில் சிக்னலும் போய்விடும். ஒவ்வொரு முறையும் அவர்கள் திரும்பி வந்து பூச்சியத்தைப் பார்த்து ஏசுவார்கள்.

கடலுக்குப் போகிறவன் தன் சாமானைக் கரையில் ஒருத்தனிடம் விட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கம். மோட்டார் சைக்கிள் திறப்பு, வீட்டில் சேர்க்க வேண்டிய காசு, அடையாள அட்டை. ஒருவர் தன் கிளியைக் கூட்டோடு ஐஸ் பக்டரியில் விட்டுப் போனவர், அது ஒரு மாதம் குளிரில் கத்திக்கொண்டு இருந்தது. ஆகவே ஒரு நாள் வெளிக்கிடும்போது ஸ்கிப்பர் அண்ணை, "தம்பி, என்ட பாஸ்வேர்டை எழுதி வை. நாளுக்கு ஒருக்கா உள்ள போய்ப் பரிசை எடு" என்று சொன்னது யாருக்கும் புதினமாகப் படவில்லை. மற்ற இருவரும் சொன்னார்கள். ஒற்றைக் கொப்பியில் மூன்றையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு என் பின்னேரங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. வேலையால் வந்து குளித்து, தேத்தண்ணி வைத்து, முதலில் ஸ்கிப்பர் அண்ணையாக உள்ளே போவேன். பரிசை எடுப்பேன். பிறகு குச்சவெளிக்காரர், நானா, கடைசியாக நான். கூட்டாளிகளுக்கு நாளுக்கு ஒரு பூ அனுப்பலாம். ஸ்கிப்பர் அண்ணையிலிருந்து எனக்கு ஒரு பூ அனுப்புவேன். மற்ற இருவரிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு என்னுடையதைத் திறந்தால் மூன்று பூ வந்திருக்கும். நானே அனுப்பியது என்று தெரியும். தெரிந்தும் மூலையில் மூன்று என்று காட்டுகிற சிவப்பு இலக்கத்தைப் பார்க்க நன்றாக இருக்கும்.

நானாவின் எக்கவுண்டில்தான் கட்டார்க்காரர் இருந்தார். அவரும் அதே விளையாட்டு விளையாடுகிறவர். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நான் உள்ளே போனபோது பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. இங்கிலிஸ் எழுத்தில் தமிழ்.

"மச்சான் சாப்பிட்டியா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிசம் கழித்துப் பார்த்தால், "மச்சான் இரிக்கியா?" உள்ளே இருப்பதாகக் காட்டுகிற ஆள் பதில் சொல்லாவிட்டால் ஏதும் நடந்துவிட்டது என்று நினைப்பாரோ, பயந்து தமக்கைக்குக் கோல் எடுப்பாரோ, அவ அழுவாவோ என்று யோசனை ஓடியது. "ஓம் மச்சான் சாப்பிட்டன். நீ?" என்று அடித்தேன்.

பயத்தில் செய்தது என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். முதல் நாள் அப்படித்தான். இரண்டாம் நாள் அவர் கேட்பதற்கு முன்பே உள்ளே போய்க் காத்திருந்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்டது பாணும் சம்பலும். அதை யாரும் கேட்டு எனக்கு எத்தனையோ வருசம்.

அவர் தன் அறையைப் பற்றிச் சொல்வார். எட்டுப் பேர், ஒரு ஏசி, அதுவும் சொட்டும். மகளுக்குக் காய்ச்சல் என்றார், மூன்று நாள் நானும் அதைக் கேட்டுக் கேட்டு இருந்தேன். ஒரு நாள் சுப்பவைசர் எல்லாருக்கும் முன்னால் கன்னத்தில் அடித்துவிட்டான், மச்சான், நான் கக்கூசுக்குள்ள போய் அழுதன் என்றார். நானா எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். "அல்லா இரிக்கான்டா, விடு" என்பார். அப்படியே அடித்தேன். அடித்துவிட்டு, இது பாவமோ என்று சுவரில் தொங்கிய பிள்ளையார் கலண்டரைப் பார்த்தேன். கடலில் இருந்து எப்படிக் கதைக்கிறீர்கள் என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, இப்போது படகில் புது மெசின் போட்டிருக்கிறது, கொஞ்ச நேரம் சிக்னல் வரும் என்று ஒரு பொய்யும் சொன்னேன். நானா கரைக்கு வந்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். நானாவுக்கு இங்கிலிஸ் எழுத்து வாசிக்க ஏலாது, அந்தப் பெட்டியை அவர் திறப்பதே இல்லை. கரையில் நின்றால் மச்சானோடு போனில்தான் கதைப்பார். சுகமா, சாப்பிட்டியா, பிள்ளை என்ன செய்யுது. யாருக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். மூன்று பாஸ்வேர்டும் மூன்று விதம். கொப்பி நனைந்துவிட்டால் என்ன செய்வது, எலி கடித்தால் என்ன செய்வது என்று எனக்கு நித்திரை இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே பாஸ்வேர்டாக மாற்றினேன், என்னுடைய ஈமெயிலுக்கும் அதே. அத்தோடு நாலு எக்கவுண்டையும் அந்த ஒரே ஈமெயிலோடு இணைத்தேன். ஏதும் பிரச்சினை என்றால் கோட் நம்பர் எனக்கு வரும், கடலில் இருக்கிற ஆளைத் தேட வேண்டியதில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக ஒரு காரியமும் செய்ததில்லை. நாலு வீட்டுத் திறப்பையும் ஒரே வளையத்தில் கோத்து ஒரே ஆணியில் கொழுவி வைத்தேன்.

படகு போய்ப் பதினோராம் நாள், பிற்பகல் மூன்றரை இருக்கும், பக்டரியில் நிற்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. விளையாட்டுக் கொம்பனி அனுப்பியது போல இருந்தது, அதே படம், அதே நிறம். இங்கிலிசில். ஒரே போனில் பல எக்கவுண்ட், முறைப்பாடு, இரண்டு மணித்தியாலம், மூடப்படும். எனக்கு இவ்வளவுதான் விளங்கியது. இது போதும். ஒரே போனில் நாலு எக்கவுண்ட் வைத்திருக்கிறவன் நான்தானே. பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது? கை ஈரம், சறத்தில் துடைத்துக்கொண்டு லிங்கை அமத்தினேன். ஈமெயில் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். உடனே போனுக்கு ஒரு கோட் நம்பர் வந்தது. இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. அதையும் அடித்தேன். நன்றி என்று வந்தது. எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அன்றைக்குத்தான் மாதத்திலேயே முதல் தடவையாகப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குள் போனேன்.

தேத்தண்ணி வைத்துவிட்டு ஸ்கிப்பர் அண்ணையாக உள்ளே போகப் பார்த்தேன். பிழையான பாஸ்வேர்ட் என்றது. குச்சவெளிக்காரர், பிழை. நானா, பிழை. என்னுடையதும் பிழை. ஈமெயிலும் திறக்கவில்லை. நாலு பேர் இருந்த அறை வெறுமையாகிவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடைக்குப் போனேன். அதை நடத்துகிற பெண்பிள்ளைக்கு முப்பது வயதும் இருக்காது. கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு போனைக் கிண்டியபடியே என் கதையைக் கேட்டா.

"கோட் வந்தது, அதையும் அடிச்சனீங்கள்?"

"ஓம்."

"ஏன் அண்ணை?"

"கேட்டாங்கள் தங்கச்சி."

"வீட்டுத் திறப்பைக் கேட்டாலும் குடுப்பீங்களோ?" என்று பூதக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தா. பிறகு பாவம் என்று நினைத்தாவோ, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டா.

நான் கேட்டது இதுதான்: என்னை ஏன்? என்னட்ட என்ன இருக்கு? ஐஸ் எண்ணுகிறவன். கார்ட் இல்லை, பாங்கில் எட்டாயிரம் இருக்கும்.

"உங்களை ஒருத்தரும் தேடி வரேல்ல அண்ணை. உங்கட பேரும் அவங்களுக்குத் தெரியாது. ஒரே செய்தியைக் கோடிக்கணக்கில வீசுவாங்கள், ஆர் அமத்துறானோ அவன். ஒரே போனில நாலு வைச்சிருக்கிற ஆக்கள் எத்தினை பேர்? எல்லாரும் உங்களை மாதிரித்தான் துள்ளிப் பயந்திருப்பினம்."

அதைக் கேட்க எனக்கு ஏனோ கவலையாக இருந்தது. ஆரோ ஒருத்தன் என்னைத் தெரிந்து வந்திருந்தாலாவது என்று ஒரு நினைப்பு.

அவ விளக்கமாகச் சொன்னா. விளையாட்டு எக்கவுண்ட் என்றால் ஆட்கள் விளையாட்டாகத்தான் நினைக்கிறார்கள், பாங்க் மாதிரிப் பூட்டி வைப்பதில்லை, அதனால் எடுக்கச் சுகம். வருசக்கணக்கில் விளையாடிச் சேர்த்த உடுப்பும் துவக்கும் டைமண்டும் இருக்கிற எக்கவுண்டை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தால் ஒரே நாளில் பெரிய ஆளாகலாம். களவாக விளையாடிப் பிடிபட்டு வெளியே போடப்பட்டவர்களுக்கும் சுத்தமான பழைய எக்கவுண்ட் தேவை. கார்ட் போட்டு வைத்திருந்தால் அதில் வாங்குவார்கள். அந்த பாஸ்வேர்ட் வேறு எங்கே எல்லாம் திறக்கிறது என்று ஒவ்வொரு கதவாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

"உங்கட கள்ளனுக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும், என்ன?"

"ஓம்."

"எல்லாத்தையும் விடப் பெரிசு கூட்டாளி லிஸ்ட். உங்களை நம்புற ஆக்கள் அதுக்குள்ள வரிசையா இருக்கினம். உங்கட பேரில காசு கேட்டாத் தருவினம். கதைச்ச கதை எல்லாம் உள்ள கிடக்கும், வாசிச்சுப் பாத்து உங்களை மாதிரியே கதைப்பாங்கள்."

அப்போதுதான் எனக்குக் கட்டார்க்காரரின் ஞாபகம் வந்தது. ஏழு மாதக் கதை அந்தப் பெட்டிக்குள் கிடந்தது.

அந்தப் பிள்ளை ஈமெயிலை என் பழைய போன் நம்பரால் திருப்பி எடுக்க மனுப் போட்டா. இனி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட், இரண்டாவது பூட்டு, கோட் நம்பரைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று ஒரு துண்டில் எழுதித் தந்தா. நான் பின்னேரமே புதிதாக ஒரு எக்கவுண்ட் திறந்து, கட்டார்க்காரரைத் தேடிப் பிடித்து எழுதினேன்.

"அண்ணன், உங்கட மச்சானின் எக்கவுண்டைக் கள்ளன் எடுத்திட்டான். காசு கேட்டால் குடுக்க வேண்டாம்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நீ யாரு?"

நான் யார்? படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவன், நானாவின் கூட்டாளி என்று எழுதினேன்.

"மச்சான் இப்பதான் என்னோட கதைச்சார். எஞ்சின் பழுதாகி நடுக்கடல்ல நிக்காங்க. மெசின்ல சிக்னல் கொஞ்சந்தான் வருதாம்."

"அது மச்சான் இல்லை. மச்சானுக்கு அங்கே சிக்னல் இல்லை."

"ஏழு மாசமா ஒவ்வொரு நாளும் கதைக்கன். எனக்கு மச்சானைத் தெரியாதா? கள்ள நாயே."

அந்த ஏழு மாதமும் நான்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். நான் அழிந்துபோவது போல இருந்தது. கடைசியில் அமத்தியபோது செய்தி போகவில்லை. அவர் என்னைத் தடுத்துவிட்டார்.

படகு முதலாளி வீட்டில் ரேடியோ செட் இருக்கிறது. போய்ச் சொன்னால் ஸ்கிப்பர் அண்ணைக்குச் செய்தி போயிருக்கும், நானாவின் மனைவிக்கும் போயிருக்கும். இரண்டு தரம் முதலாளி வீட்டுக் கேற்வரை போனேன். நாய் குரைத்தது. திரும்பி வந்தேன்.

ஈமெயில் மூன்றாம் நாள் கிடைத்தது. அதைக் கொண்டு என்னுடையதும் குச்சவெளிக்காரருடையதும் வந்தன. ஸ்கிப்பர் அண்ணையுடையதை ஏற்கெனவே யாருக்கோ விற்றிருந்தான், பெயரும் மாறிவிட்டது, அது வரவே இல்லை. நானாவுடையது ஒன்பதாம் நாள் வந்தது. உடனே பெட்டியைத் திறந்தேன். கள்ளனின் முதல் வரியே "மச்சான் சாப்பிட்டியா?" கீழே, அடுத்த அடுத்த நாளில், எஞ்சின், முதலாளி கைவிட்டுவிட்டான், ஒரு போன் நம்பர், அல்லா இரிக்கான்டா. அதற்கும் கீழே கட்டார்க்காரர்: "அறுபது அனுப்பிட்டன் மச்சான். கிடைச்சா சொல்லுங்க." பிறகு நாளுக்கு ஒன்றாக, "எஞ்சின் சரியா?" "மச்சான் இரிக்கியா?" "மச்சான்?"

அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அழிக்கவும் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் திறந்து பார்த்து மூடினேன்.

படகு வந்த காலையில் ஐஸ் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஆனால் பின்னேரம் அவர்களாகவே வந்தார்கள். நானா மூதூருக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருந்தார். அதனால்தான் செருப்பைக் கழற்றவில்லை.

நான் முதலில் எக்கவுண்ட் போன கதையைச் சொன்னேன். ஸ்கிப்பர் அண்ணை தன் போனைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் எறிந்தார்.

"மூண்டு வருசம்டா. புலித்தோல் துவக்கு இருந்தது. ஒரு கிளியைக்கூட உன்னட்டக் குடுக்க ஏலாது போல இருக்கே."

"கிளி செத்தாத் தெரியும் அண்ணை, இது விலைக்கெல்லே போயிருக்கு" என்றார் குச்சவெளிக்காரர். தன்னுடையது திரும்பிவிட்டது என்பதால் அவருக்குப் பகிடி வந்தது.

நானா சிரிக்கவில்லை. "என்ட மச்சான் அறுபதாயிரம் அனுப்பியிரிக்கான் தம்பி. நான் கேட்டனாம். கேட்ட உடனே ஏன்டா குடுத்த எண்டு கேட்டன். ஒவ்வொரு நாளும் என்னோட கதைக்கிற மனிசன் கேட்டாக் குடுக்காம இரிக்கிறதா எண்டு என்னையே கேக்கான். நான் கடல்ல இரிந்து ஆரோட கதைச்ச?"

நான் அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் நானா."

"காசு கேட்டதா?"

"இல்லை. அது கள்ளன். அதுக்கு முதல் எல்லாம் நான்."

கிணற்றடியில் உடுப்பு அடிக்கிற சத்தம் நின்றது.

நானா போனை நீட்டினார். "வாசி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

புதுப் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, முதல் சாப்பிட்டியாவிலிருந்து வாசித்தேன். பாண், சம்பல், ஏசி சொட்டுவது, பிள்ளையின் காய்ச்சல். என் குரலில் கேட்க எல்லாம் வெட்கமாக இருந்தது. அல்லா இரிக்கான்டா என்ற இடத்தில் குச்சவெளிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பி அஞ்சு நேரமும் தொழுதிருப்பான் போல" என்றார்.

நானா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "என்ட பொஞ்சாதி, அவன்ட அக்காட்ட சொல்லியிரிக்கான், பதினாலு வருசத்தில இப்பதான் மச்சான் மனிசன் மாதிரிக் கதைக்கார் எண்டு. அவ எனக்குப் பாராட்டுச் சொன்னா." பிறகு என்னிடம், "வாசி" என்றார்.

சுப்பவைசர் அடித்த இடத்தில் அவர் மற்றக் காலையும் உள்ளே வைத்தார்.

"அழுததா சொன்னானா?"

"ஓம் நானா."

"எனக்கு ஒரு நாளும் சொல்லல்லயே."

தொடர்ந்து வாசித்துக்கொண்டே போனேன். கள்ளன் வந்த இடத்துக்கு வந்தேன். மச்சான் சாப்பிட்டியா.

"இது நீயா, கள்ளனா?"

"கள்ளன்."

"முந்தினது?"

"அது நான்."

"அல்லா இரிக்கான்டா?"

"மேல இருக்கிறது நான். இது கள்ளன்."

"ரெண்டும் ஒண்டாத்தான் இரிக்கி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர் கோபப்பட்டிருக்கலாம் என்று இருந்தது.

வாசித்து முடிந்ததும் போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அறுபதையும் நீதான் தரணும் தம்பி. அவன்ட வேர்வைக் காசு." நான் அலுமாரியைத் திறந்து சீட்டுக்கு எடுத்து வைத்த பதினையாயிரத்தைக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கினார். மூன்று பேரும் போனார்கள். நாலு கோப்பை கழுவி வைத்திருந்தேன், ஒன்றும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு படகு ஐந்து தரம் போய் வந்திருக்கிறது. ஸ்கிப்பர் அண்ணை ஐஸ் ஏற்ற வந்தால் கட்டி எத்தனை என்று மட்டும் கேட்பார். குச்சவெளிக்காரர் தூரத்தில் நின்று கையைத் தூக்குவார். ஒருவரும் எதையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவதில்லை. மச்சானுக்கு நானா உண்மையைச் சொல்லிவிட்டார், அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் என்னுடைய எக்கவுண்டில் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் உள்ளே போகிறேன். வேறு பாஸ்வேர்ட், இரண்டாவது பூட்டு எல்லாம் போட்டிருக்கிறேன். பூ ஒன்றும் வருவதில்லை.

நானா மட்டும் வருகிறார். படகு வந்த அடுத்த நாள், மூதூர் பஸ் ஏறுவதற்கு முன்பு, அறைக்கு வந்து ஐயாயிரம் வாங்கிக்கொண்டு போவார். முதல் இரண்டு முறையும் வாசலோடு போனார். மூன்றாம் முறை மழை, உள்ளே வந்து கதிரையில் இருந்தார். போன முறை பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். கேட்டபிறகு இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான் வருகிற பெருநாளுக்கு ஊருக்கு வருகிறான் என்றார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார்.

இரவு வேலையும் செய்து, சீட்டும் எடுத்து, மிச்சக் காசு முழுவதையும் எப்போதோ சேர்த்துவிட்டேன். கடித உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். கள்ளன் வந்தால் என்ற பயத்தில் நாளுக்கு நாலு தரம் திறந்து பார்க்கிறேன். அதை ஒன்றாகக் கொடுத்துவிட்டால் நானா இந்தப் பக்கம் வர வேண்டிய தேவை இல்லை. படகு நாளை மறுநாள் வருகிறது. அவருக்கு ஐயாயிரம் எடுத்து வேறாக வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்து நான் இன்னும் கொடுக்க வேண்டியது இருபதாயிரம் ரூபாய்.